திரவப் படிகமும் பெங்களூரும்

பொருள்கள் திடம், திரவம், வாயு என மூவகைப்படும் என்று நாம் அனைவரும் இளமையிற் பள்ளியிலே படித்திருக்கிறோம். கல் திடம், நீர் திரவம், காற்று வாயு. இப்பாகுபாடு தெளிவானதே. ஆயினும், நம் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தவுடன் இது தடுமாறத் தொடங்குகிறது. பொங்கி எழுந்த இட்லி மாவைக் கரண்டியில் எடுத்தால் அது விழத் தயங்குகிறது. தட்டில் ஊற்றினாலோ குழியின் வடிவத்தை ஏற்றுக்கொள்கிறது. உறைந்த தயிர் பாத்திரத்தைச் சற்றே சாய்த்தாலும் அசைவதில்லை; மத்தை இட்டுக் கடைந்தவுடன் தளர்ந்து ஓடுகிறது. பற்பசை, குழாயின் வாய் திறந்திருந்தும் தானே வழிவதில்லை, அழுத்தினால் வெளிவருகிறது, தூரிகையின்மேல் விழுந்தபின் மீண்டும் அசையாது நிற்கிறது. இவற்றைத் திடம் என்பதா, திரவம் என்பதா?

இவ்வினா சிறு பிள்ளை கேட்கும் வினாவைப் போலத் தோன்றலாம். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானத்தில் ஒரு தனித்துறையே இதிலிருந்து கிளைத்தது. அத்துறையில் நம் நாட்டுக்கும், சிறப்பாகப் பெங்களூர் நகரத்துக்கும் மறுக்க முடியாத பங்கு உண்டு. அவ்வரலாற்றையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

தொடக்கத்திலேயே பெயரைப் பற்றிய இடர்ப்பாடு ஒன்றைக் கூறிவிடுதல் நலம். இத்தகைய பொருள்களை மேலைநாட்டார் ‘ஸாஃப்ட் மேட்டர்’ என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதற்கு உடனே தோன்றும் தமிழ்ச்சொல் ‘மென்பொருள்’ என்பதுதான். ஆனால், அச்சொல்லைக் கணிப்பொறித் துறையார் முன்னரே தமக்கென எடுத்துக்கொண்டு விட்டனர். பெங்களூர் என்றதும் மென்பொருள் என்று இன்று குழந்தையும் சொல்லும். அந்நகரத்தில் மற்றொரு மென்பொருளும் உண்டு என்பதையும், அது கணிப்பொறிக் கம்பெனிகள் வருவதற்கு முன்பே அங்கு ஆராயப்பட்டது என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே. குழப்பம் நேராதிருக்க நாம் அதனை ‘மென்பருப்பொருள்’ என்று வழங்குவோம்.

திரவங்கள் பாயும் முறைக்கு முதன்முதலில் ஒழுங்கான விதி வகுத்தவர் நியூட்டன். 1687-இல் வெளிவந்த தமது பெருநூலில், திரவத்தின் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் வழுக்கும்போது எழும் தடை, அவ்வழுக்கலின் வேகத்திற்கேற்ப இருக்கும் என்று அவர் கருதினார். இத்தடையையே பாகுத்தன்மை என்கிறோம். தேனுக்கு அது மிகுதி, நீருக்குக் குறைவு. ஆனால், நீரை மெதுவாகக் கலக்கினாலும் வேகமாகக் கலக்கினாலும் அதன் பாகுத்தன்மை மாறுவதில்லை. தயிரும் பற்பசையும் இவ்விதிக்குக் கட்டுப்படாதவை. சுவருக்குப் பூசும் வர்ணமும் அவ்வாறே. தூரிகை இழுக்கும்போது அது ஓடவேண்டும். பூசியபின் வழியாமல் நிற்கவேண்டும். இத்தகைய வர்ணத்தை ஆராய்ந்த அமெரிக்க இரசாயன அறிஞர் பிங்காம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் அழுத்தினாலன்றி அது பாயாது என்று 1919-இல் காட்டினார். பாய்தலைப் பற்றிய இந்தத் தனித்துறைக்கு 1920-இல் ‘ரியாலஜி’ என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. தமிழில் அதனைப் பாய்வியல் எனலாம்.

பிங்காமுக்கு முன்பே, வேறொரு வழியாக இப்புதிரை அணுகிய ஒருவர் இருந்தார். அவர் பௌதிக அறிஞரும் அல்லர், தாவர நூலறிஞர். பிராக் நகரில் பணியாற்றிய ரைனிட்ஸர் என்பார், 1888-இல் கொலஸ்டிராலிலிருந்து பெற்ற ஒரு பொருளைச் சூடாக்கிப் பார்த்தார். எப்பொருளும் ஒரு வெப்பநிலையில் ஒருமுறைதான் உருகும் என்பது அக்காலத்து முடிபு. இப்பொருளோ 145.5 பாகையில் உருகிக் கலங்கலான திரவமாயிற்று, 178.5 பாகையை எட்டியதும் அக்கலங்கல் நீங்கித் தெளிந்தது. இரண்டு முறை உருகும் பொருளைக் கண்டு வியந்த அவர், ஜெர்மானிய பௌதிக அறிஞர் லேமனுக்கு எழுதினார். லேமன் அக்கலங்கல் திரவத்தை ஒளிமுனைவு கொண்ட நுண்பெருக்கியால் நோக்கினார். நீரைப் போல் ஓடிய அப்பொருள், ஒளியைப் படிகத்தைப் போலவே கையாண்டது. அதனால் 1889-இல் அவர் அதற்கு ‘பாயும் படிகம்’ என்று பெயரிட்டார். பின்னர்த் திரவப் படிகம் என்னும் பெயர் நிலைத்தது.

ஓடுவது எவ்வாறு படிகமாகும் என்று பலர் ஐயுற்றனர். விடை மூலக்கூறுகளின் வடிவத்தில் இருந்தது. இப்பொருள்களின் மூலக்கூறுகள் குச்சிபோல் நீண்டவை. ஆற்று வெள்ளத்தில் மிதந்து செல்லும் மூங்கில்களை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆயினும் எல்லாம் ஒரே திசையை நோக்கிக் கிடக்கும். இடத்தில் ஒழுங்கில்லை, திசையில் ஒழுங்கு உண்டு. 1922-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபிரீடல் திரவப் படிகங்களை வகைப்படுத்தியபோது இவ்வகைக்கு ‘நெமாட்டிக்’ என்று பெயர் தந்தார். போலந்து நாட்டு மியெஸோவிச் இத்தகைய ஒரு திரவத்தின் பாகுத்தன்மையை அளந்து 1946-இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. குச்சிகள் பாயும் திசையிலேயே கிடந்தால் தடை குறைவு. பாய்ச்சலுக்குக் குறுக்கே, ஓரடுக்கிலிருந்து அடுத்த அடுக்கை நோக்கி நின்றால், தடை ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரே திரவத்துக்கு மூன்று பாகுத்தன்மைகள்! நியூட்டனின் எளிய விதிக்கு இங்கு இடமில்லை.

இந்நிலையில் நாம் பெங்களூருக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன், கல்கத்தாவில் ஒளிச்சிதறலை ஆராய்ந்து 1930-இல் நோபல் பரிசு பெற்றார் என்பதை யாவரும் அறிவர். திரவங்களின் இயல்பு அவர் மனத்தை நெடுங்காலம் கவர்ந்திருந்தது என்பது அவ்வளவாக அறியப்படாதது. 1923-இலேயே பாகுத்தன்மை பற்றிய ஒரு கொள்கையை அவர் வெளியிட்டார். பாயும் திரவத்தில் மூலக்கூறுகள் திசைபெற்று ஒளியை இரண்டாகப் பிரிப்பதைப் பற்றி 1928-இல் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1933-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராகப் பெங்களூருக்கு வந்த அவர், 1948-இல் அங்கிருந்து ஓய்வு பெற்றபோது, மைசூர் மன்னர் அளித்திருந்த நிலத்தில் தமக்கென ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அதுவே இராமன் ஆராய்ச்சி நிலையம்.

அந்நிலையத்தின் தொடக்க நாள்களில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். இப்பெயரைக் கேட்டதும் விண்மீன்களை ஆராய்ந்து 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை நேயர்கள் நினைக்கக்கூடும். இருவரும் இராமனுக்கு உறவினரே. விண்மீன் சந்திரசேகர் தமையனார் மகன். நாம் இங்குக் கூறும் சந்திரசேகர் தங்கையின் மகன். 1930-இற் பிறந்த இவர், பெங்களூரில் ஆராய்ச்சி முடித்து, கேம்பிரிட்ஜ் சென்று கற்றுத் திரும்பி, 1961-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். அங்குதான் திரவப் படிகத்தில் இவர் கருத்து ஊன்றியது.

1970 நவம்பர் 21 அன்று இராமன் காலமானார். அவர் விரும்பியவாறே அவரது உடல் நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. இன்று அங்கு ஒரு மரம் நிற்கிறது. தனி ஒருவரின் தவத்தால் நடந்துவந்த நிலையம் இனி என்னாகுமோ என்ற கேள்வி அப்போது எழுந்தது இயல்பே. அரசாங்கத்தின் கட்டுப்பாட்டை விரும்பாத இராமன், தம் முயற்சியாலும் நன்கொடைகளாலுமே அதனை நடத்தி வந்தார். 1972-இல் மத்திய அரசின் நிதியுதவி பெறும் தன்னாட்சி நிலையமாக அது மாற்றியமைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே சந்திரசேகர் மைசூரிலிருந்து வந்து அங்குத் திரவப் படிக ஆராய்ச்சிக் கூடத்தை அமைக்கத் தொடங்கிவிட்டார். பௌதிக அறிஞரும் இரசாயன அறிஞரும் ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்பது இக்கூடத்தின் அமைப்பு. வேண்டிய பொருளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் காத்திராமல், தாமே ஆக்கித் தாமே அளந்தனர். 1973 டிசம்பரில் உலக நாடுகளின் திரவப் படிக அறிஞர்கள் பெங்களூரில் ஒரு மாநாட்டுக்குக் கூடினர்.

அடுத்து நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் உச்சம். திரவப் படிகமாவதற்கு மூலக்கூறு குச்சி வடிவில் இருக்கவேண்டும் என்பது, ஜெர்மனியில் ஃபோர்லெண்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்ட நெறி. அதன்பின் ஆக்கப்பட்ட பல்லாயிரம் திரவப் படிகங்களும் அந்நெறியையே உறுதிசெய்து வந்தன. நிலக்கரித் தாரைச் சூடாக்கும்போது தட்டையான மூலக்கூறுகள் கொண்ட ஓர் இடைநிலை தோன்றுவதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 1965-இல் கண்டிருந்தனர். ஆனால் அது பல பொருள்களின் கலவை. தூய்மையான ஒற்றைப் பொருளொன்று தட்டை வடிவத்துடன் திரவப் படிகமாகுமா? சந்திரசேகரும் அவருடன் பணியாற்றிய சதாசிவா, சுரேஷ் ஆகிய இருவரும் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். பென்ஸீன் வளையத்தை நடுவில் வைத்து, அதன் ஆறு மூலைகளிலும் நீண்ட கரிமச் சங்கிலிகளைக் கோத்த எஸ்டர்கள் ஆக்கப்பட்டன. மூலக்கூறு, ஆறு வால்களை உடைய ஒரு சிறு வட்டத் தகடு போலாயிற்று.

அதனைச் சூடாக்கினர். உருகிய பொருள் உடனே தெளியவில்லை. சில பாகை வெப்ப எல்லைக்குள் அது திடமும் அன்றி, வெறுந்திரவமும் அன்றி நின்றது. வெப்பவியல், ஒளியியல், எக்ஸ்-கதிர் ஆகிய மூவகைச் சோதனைகளும் ஒரே செய்தியைக் கூறின. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண்களாக நின்றன. கடையில் அடுக்கி வைத்த அப்பளக் கட்டுகளை இதற்கு ஒப்பிடலாம். தூண்கள் தம்முள் தேனடை போன்ற அறுகோண ஒழுங்கில் அமைந்திருந்தன. ஆனால், ஒவ்வொரு தூணிலும் தகட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி ஒன்றுபோல் இல்லை. அதாவது, இரண்டு திசைகளில் அது படிகம். மூன்றாவது திசையில் திரவம்! நடுவிலுள்ள வளையங்கள் தம்முள் நெருங்கிக் கிடக்க, புறத்தே உருகிய வால்கள் தூண்களை விலக்கி வைப்பதால் இந்நிலை உண்டாகிறது. இயற்கையில் இதுவரை காணாத புதிய அமைப்பு ஒன்று பெங்களூரில் வெளிப்பட்டது.

இக்கண்டுபிடிப்பு எங்கு வெளியாயிற்று என்பதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள புகழ்பெற்ற ஏடுகளில் இடம்பெற்றாலன்றித் தம் உழைப்பு உலகத்தின் கண்ணிற்படாது என்னும் கவலை நம் நாட்டு விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலமாக இருந்து வருவது. அக்கவலை ஆதாரமற்றது என்று கூறிவிடவும் முடியாது. இந்திய விஞ்ஞான அகாடமி 1973-இல் தொடங்கிய ‘பிரமாணா’ என்னும் பௌதிக ஏட்டுக்கு அப்போது வயது நான்கே. அந்த ஏட்டின் 1977-ஆம் ஆண்டு ஒன்பதாம் தொகுதியில், பத்துப் பக்கக் கட்டுரையாக இம்மூவரின் முடிவு வெளிவந்தது. உலகம் அதைப் படித்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் டிரைபினிலீன் என்னும் வேறொரு தட்டை மூலக்கூறைக் கொண்டு இத்தகைய திரவப் படிகங்களை ஆக்கிக் காட்டினர். ‘டிஸ்காட்டிக்’, அதாவது வட்டத்தகட்டுத் திரவப் படிகம் என்று ஒரு குடும்பமே தோன்றிற்று. அதன் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அந்த இந்திய ஏட்டின் பக்கத்திலிருந்தே தொடங்குகின்றனர். அதே 1977-இல் சந்திரசேகர் எழுதிய ‘திரவப் படிகங்கள்’ என்னும் ஆங்கில நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

பெருமையை மட்டும் கூறி நிறுத்துதல் முறையன்று. திரவப் படிகம் ஆராய்ச்சிக் கூடத்தைவிட்டுக் கடைத்தெருவுக்கு வந்த கதையும் உண்டு. அமெரிக்க நிறுவனமொன்று 1968-இல் திரவப் படிகக் காட்சித் திரையை உலகுக்கு அறிவித்தது. இங்கிலாந்தில் ஹல் நகரத்துக் கிரே, சாதாரண வெப்பத்திலேயே நிலைத்திருக்கும் திரவப் படிகங்களை 1970-களின் தொடக்கத்தில் ஆக்கினார். 1973-இல் ஜப்பானியர் கணக்குப் பொறியில் அத்திரையைப் பொருத்தி விற்றனர். கைக்கடிகாரம், தொலைக்காட்சி, கைபேசி என அது பரவிற்று. தொடக்ககாலத் திரைகளில் ஒரு குறை இருந்தது. நேரே நோக்கினால் படம் தெளிவாகத் தெரியும். பக்கத்திலிருந்து நோக்கினால் மங்கிவிடும். 1990-களின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் அக்குறையைப் போக்க ஒரு மெல்லிய ஏட்டைக் கொணர்ந்தது. அவ்வேட்டிற் பூசப்பட்டிருந்தவை வட்டத்தகட்டு மூலக்கூறுகளே. குச்சி மூலக்கூறுகள் ஒளிக்குச் செய்யும் மாறுபாட்டைத் தகடுகள் எதிர்நின்று சமன் செய்தன. பெங்களூரில் முளைத்த கருத்து ஜப்பானிய ஆலையில் ஏடாகி, விலை பெற்று, நம் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இதனைச் சந்திரசேகர் உணராதிருந்தவர் அல்லர். இராமன் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1991-இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆராய்ச்சி மையம் ஒன்றை அவர் தொடங்கினார். பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதற்குத் துணைநின்றது. ஆராய்ச்சியும் தொழிலும் அருகருகே இருக்கட்டும் என்பது அதன் நோக்கம். உலகத் தொழிலோடு போட்டியிடும் அளவுக்கு அது வளரவில்லை. ஆனால், ஆராய்ச்சி தளரவுமில்லை. 2004-இல் அவர் மறைந்த பின்னர், 2010-இல் அது மென்பருப்பொருள் ஆராய்ச்சி மையம் என்றும், 2014-இல் நுண் மற்றும் மென்பருப்பொருள் அறிவியல் மையம் என்றும் பெயர் பெற்றது. 1991-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் டி ஜென் தமது பரிசுரைக்கு ‘மென்பருப்பொருள்’ என்றே தலைப்பிட்டிருந்தார். அதன்பின் உலகெங்கும் பரவிய அப்பெயர் பெங்களூரிலும் நிலைத்தது.

பாய்வியலும் அந்நகரில் வேரூன்றியது. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அஜய் ஸூத் தம் மாணவியரான ரஞ்சினி பந்தோபாத்யாய், கீதா பஸப்பா ஆகியோருடன் செய்த ஒரு சோதனை 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரிற் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைச் சிறிதளவே கரைத்தால், அதன் மூலக்கூறுகள் தாமே கூடி நெடிய புழுக்கள் போன்ற இழைகளாகின்றன. அந்நீரை மாறாத வேகத்தில் திருகிக்கொண்டே இருந்தால் அது காட்டும் தடையும் மாறாதிருக்கவேண்டும் அன்றோ? அவ்வாறு இல்லை. தடை ஓயாமல் ஏறியும் இறங்கியும், முன்னறிந்து கூற இயலாத ஒழுங்கின்மையில் ஆடியது. நாம் துணி துவைக்கும் நீரைப் போன்றதொரு கரைசலில் வானிலையின் குழப்பத்தை ஒத்த குழப்பம்! பின்னர் பந்தோபாத்யாய் இராமன் நிலையத்தில், களிமண் துகள் கலந்த நீர் நாள் செல்லச் செல்ல முதுமையடைந்து இறுகுவதை ஆராய்ந்தார்.

இன்னும் ஒரு படி மேலே சென்றவர்கள் உளர். உயிருள்ள துகள்கள் நீந்தும் நீர் எவ்வாறு பாயும்? விஞ்ஞானக் கழகத்தின் ஸ்ரீராம் ராமசாமியும் அதிதி சிம்ஹாவும் 2002-இல் இதற்குரிய சமன்பாடுகளை வகுத்தனர். 2004-இல் அவ்விருவரும் இராமன் நிலையத்தின் யசோதன் ஹத்வால்னே, மதன் ராவ் ஆகியோருடன் சேர்ந்து துணிவானதொரு முடிவைக் கூறினர். பின்புற வாலால் தம்மைத் தள்ளிச் செல்லும் பாக்டீரியா போன்றவை நீரின் பாகுத்தன்மையைக் குறைக்கும். முன்புறக் கைகளால் நீரை இழுத்துச் செல்லும் பாசி போன்றவை அதனைக் கூட்டும் என்பதே அது. அப்போது அதற்குச் சான்று இல்லை. 2009-இல் அமெரிக்காவில் பாக்டீரியாவைக் கொண்டும், 2010-இல் பிரான்ஸில் பாசியைக் கொண்டும் செய்த சோதனைகள் இரண்டு கூற்றுகளையும் மெய்ப்பித்தன. காகிதத்தில் எழுதிய கணக்கை உயிரினங்களே வந்து சரிபார்த்துத் தந்தன எனலாம்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? பெரும் பொறியும் பெருஞ்செல்வமும் இல்லாமலே, தேர்ந்தெடுத்த ஒரு வினாவை விடாது பற்றி நின்றால் புதிய உண்மை கிட்டும் என்பது ஒன்று. அவ்வுண்மையை நம் சொந்த ஏட்டில் எழுதினாலும், அது உண்மையாயின் உலகம் தேடிவந்து படிக்கும் என்பது மற்றொன்று. கண்டறிதல் வேறு, பயன்கொள்ளுதல் வேறு. முன்னதில் வெற்றி கண்ட நாம் பின்னதிற் பிந்தினோம் என்பது மூன்றாவது. நம் கைபேசிகளில் ஒளிரும் திரைகளிற் பெரும்பாலானவை கிழக்காசிய நாடுகளின் ஆலைகளில் உருவானவை என்பதை நாம் மறத்தற்கில்லை.

நான்காவதாக ஒன்று உண்டு. அது நம்மைப்போல் சொற்களோடு வாழ்வோரைச் சார்ந்தது. வெளிநாட்டார் அறிந்து போற்றும் ஒரு கண்டுபிடிப்பு, பக்கத்து மாநிலத்தில் நிகழ்ந்திருந்தும், நம் மக்களின் பேச்சில் இடம்பெறவில்லை. அதைச் சொல்லத் தக்க சொற்களை நாம் போதிய அளவு புழக்கத்தில் வைக்காததும் அதற்கு ஒரு காரணம். இட்லி மாவையும் தயிரையும் நாள்தோறும் கையாளும் வீட்டில் பாய்வியலை விளக்குவது அரிய செயலன்று. திடமா, திரவமா என்று அடுத்த முறை நம் குழந்தைகள் கேட்டால், இரண்டும் இல்லை என்று சொல்லி, அதற்கான விடையைத் தேடிய ஒரு கூடம் பெங்களூரில் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக.